மந்த வாயு

1962ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசி சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, குற்றாலம் சாரல் விலாஸ் லாட்ஜின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: மேஜைக்குக் கிழக்கே பெரிய நாற்காலியில் முதலாளி காந்திமதிநாத பிள்ளை. அவருக்கு வலப்பக்கம், பீரோவை ஒட்டிய மடக்கு நாற்காலியில் அடுத்த லாட்ஜ்காரர் தாணுமாலயன். ஜன்னலோரப் பெஞ்சில், ஏழாம் நம்பர் அறையில் தங்கியிருந்த ராயகிரி இராமலட்சுமி, மடியில் எட்டு மாதக் கைக்குழந்தையோடு. அதே பெஞ்சின் மறு நுனியில், உட்கார்ந்தும் உட்காராமலும் ஆவுடைத்தாய். எங்கள் லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பரமசிவனின் பெண்சாதி. மேஜைக்கு மேற்கே ஸ்டூலில், தாளும் பேனாவுமாக நான், லாட்ஜ் ரைட்டர் பால்வண்ணநாதன்.

கடையநல்லூர் பீர் மைதீன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போடவில்லை. போட வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

கூடியதற்குக் காரணம் மாடியில் இருந்த விளக்குப் பலகை. வைகாசியில், சீசன் தொடங்குவதற்கு முன்னால், பீர் மைதீன்தான் அதை மாட்டிக் கொடுத்தார். கண்ணாடிக் குழாயை எழுத்து எழுத்தாக வளைத்து, 'சாரல்' என்பது சிவப்பாகவும் 'விலாஸ்' என்பது நீலமாகவும் எரியும். தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தவர்கள் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்த காற்றில் தென்னை மட்டை ஒன்று விழுந்து, நீலத்தில் 'லா' உடைந்தது. ஆறரை மணிக்கு வழக்கம்போல சுவிட்சைப் போட்டோம். சிவப்பு எரிந்தது, நீலம் எரியவில்லை. ஏழு மணி சுமாருக்கு, குளித்துவிட்டு வந்தவர்களின் ஈரத்துணிகளைக் காயப்போட மாடிக்குப் போன பரமசிவன் சத்தம் போட்டு விழுந்தான். தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. தூக்க ஓடினவர்களிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கிறுகிறுன்னு வந்துச்சு." இங்கே ஏழாம் நம்பர் அறையில் குழந்தை பாலைக் கக்கிக்கொண்டே இருந்தது. அந்த அறை ஜன்னலுக்கு நேர் மேலேதான் உடைந்த எழுத்து.

வெள்ளிக்கிழமை காலையில் கடைத்தெரு பூராவும் ஒரே பேச்சு. சாரல் விலாஸில் விஷ கேஸ் கசிகிறது என்று. மத்தியானத்துக்குள் நான்கு அறை காலியாகிவிட்டது.

முதலாளி எழுதச் சொன்ன கடிதம் மின்சார இன்ஸ்பெக்டருக்கு. பீர் மைதீன் விஷ வாயு அடைத்த குழாய்களை மாட்டி உயிருக்கு ஆபத்து விளைவித்தார், அவருடைய வயர்மேன் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும், நகல் போலீசுக்கு. அதற்கு முன்னால் அவரையே கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று சொன்னவர் தாணுமாலயன்.

"பாய், குழாய்க்குள்ள கேஸ் இருக்கா இல்லையா?" என்று முதலாளி தொடங்கினார்.

"இருக்கு மொதலாளி. செவப்புல நியான். நீலத்துல ஆர்கான்."

"அது என்ன நெறம்?"

"நெறம் கெடையாது."

"வாடை?"

"கெடையாது."

"அப்போ உள்ள இருக்குன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"கரண்ட் குடுத்தா எரியுதுல்லா, அத வச்சித்தான்."

தாணுமாலயன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பாத்தியளா அண்ணாச்சி, நெறமும் இல்ல, வாடையும் இல்லங்கான். மூக்குக்குத் தெரியாம உள்ள போறதுதான் மோசம். சாக்கடை வாடை வந்தா நாம வெலகிப் போயிருவோம். இது வந்தா எங்கன போக?"

"அண்ணாச்சி, இது ஒண்ணுஞ் செய்யாத கேஸ்" என்றார் பீர் மைதீன். "எதோடயும் சேராது. தீப்பிடிக்காது. நீங்க விடுத மூச்சுக்காத்துலயே ஆர்கான் இருக்கு. அது பாட்டுக்கு சும்மா கெடக்கும்."

"சும்மா கெடக்கதுக்கா இவ்வளவு வெளிச்சம்?" என்றார் முதலாளி. பெஞ்சிலிருந்த இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள். பீர் மைதீன் சிரிக்கவில்லை.

"மதுரைப் பட்டறையில நாலு வருசம் நானே வளைச்சு நானே நிரப்பியிருக்கேன் மொதலாளி. குழாயில இருந்த காத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டுக் கொஞ்சூண்டு கேஸ்தான் விடுதது. உங்க போர்டு பூராவும் சேத்தா ஒரு கொட்டாவிக்குக் காணாது. உடைஞ்சா உள்ள இருக்கது வெளிய வராது. வெளிய இருக்க காத்துதான் உள்ள போகும்."

இதை அவர் நேராகத்தான் சொன்னார். ஆனால் கேட்பதற்கு அது திருடன் பேச்சுபோலவே இருந்தது. உடைந்த பானையிலிருந்து தண்ணீர் வெளியே வராது, வெளியே இருப்பதுதான் உள்ளே போகும் என்று ஒருவன் சொன்னால் நாம் நம்புவோமா? நானும் நம்பவில்லை. இருந்தாலும் அவர் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டேன்.

பிறகு அவரே ஒன்று கேட்டார். "உடைஞ்ச கண்ணாடிய யாரு அள்ளுனா?"

"அவுகதான் வாரியலால கூட்டி அள்ளுனாக" என்றாள் ஆவுடைத்தாய். "ஏன் பாய்?"

"நீலக் குழாயில ஒரு சொட்டு பாதரசம் போட்டிருக்கும். கலர் நல்லா எடுக்கதுக்காக. அதக் கையால தொடப்படாது. வாரியலும் போடப்படாது. ஈரத்தாளால ஒத்தி எடுத்து ஒரு டப்பால போட்டு மூடி வைக்கணும். வந்து நான் எடுத்துத் தாரேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"எழுதும் வே. பாதரசம்னு எழுதும். அவன் வாயாலயே வந்துட்டுல்லா."

"நான் ஒளிக்கலையே மொதலாளி, கேக்காமலே சொல்லுதேம்லா."

"ஏன் கேக்காமலே சொன்னே? அதுதான் எனக்குப் புரியல" என்றார் தாணுமாலயன்.

இந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. "நியான், ஆர்கான் ரெண்டும் மந்த வாயு வகையைச் சேந்ததுன்னு எங்களுக்குப் பாடம் இருந்துது" என்றேன். பீர் மைதீனுக்கு உதவி செய்யத்தான் சொன்னேன்.

இராமலட்சுமி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என்ன சொன்னிய? மாந்த வாயுவா?"

"மாந்தம் இல்லம்மா. மந்தம். அதாவது..."

"பிள்ளைக்கு மாந்தம்னு வைத்தியர் நேத்தே சொல்லிட்டாரு! வசம்பு உரசிக் குடுத்தும் நிக்கலியேன்னு நான் கெடந்து அல்லாடுதேன். மாந்தத்தையே குழாயில அடைச்சு எந்தலைக்கு மேல தொங்க விட்டுருக்காகளே, எப்படி நிக்கும்?"

"பேரே அப்படித்தான் வச்சிருக்கான், பாத்தியளா" என்றார் தாணுமாலயன்.

மந்தம் என்றால் இங்கே எதோடும் வினை செய்யாமல் இருப்பது என்று நான் இரண்டு தடவை விளக்கினேன். "வயித்துல செரிக்காம கெடக்கதும் அதான வே?" என்று முதலாளி கேட்டார். கடிதத்தில் 'மந்த வாயு' என்ற சொல் முதல் பாராவிலேயே ஏறிவிட்டது.

பீர் மைதீன் கையோடு ஒரு துணிச்சுருள் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். "இது செவப்பு. பாதரசம் கெடையாது. இத இங்கனயே என் மூஞ்சிக்கு நேரா உடைக்கேன். உள்ள இருக்கத நான் மூச்சு இழுத்துக் காட்டுதேன். பாத்துக்கிடுங்க."

"ஏய், ஏய்!" என்று முதலாளி இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். இராமலட்சுமி வராந்தாவுக்குப் போய்விட்டாள். தாணுமாலயன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உமக்குப் பழகிப்போச்சு வே. எங்களுக்குப் பழக்கம் இல்ல. உள்ள வையும்" என்றார். பீர் மைதீன் குழாயைத் திரும்பத் துணியில் சுற்றினார். கூட்டம் அதோடு முடிந்தது.

நல்ல படி எடுக்க வேண்டிய தாளின் அடியில் முதலாளி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பரமசிவனுக்குக் கையெழுத்து வராது. அவன் பெயருக்கு எதிரே கைநாட்டுக்கு இடம் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவன் படுத்திருந்த தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் அதை வாங்கி வந்து, திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பது என்று ஏற்பாடு.

வெளியே வந்தபோது பீர் மைதீன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மழைக்குப் பயந்து எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, அந்த லெட்டர் போச்சுன்னா இது போச்சு. தென்காசி தியேட்டர்க்காரரு ஒரு போர்டு கேட்டிருக்காரு. புளியங்குடியில ரெண்டு கடை. விஷ கேஸ்காரன்னு பேரு வந்தா ஒரு வீட்டுல பீஸ் கம்பி போட விடுவானா என்னை? மூணு பொம்பளப் பிள்ளையள வச்சிருக்கேன்."

"உள்ளது உள்ளபடிதான் எழுதுவேன் பாய்."

"உள்ளது என்னான்னு நீங்க இன்னும் பாக்கலையே" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் நல்ல படி எடுக்க உட்கார்ந்தபோது, தேதி நேரங்களை ஒரு தாளில் தனியாக எழுதிப் பார்த்தேன். இராமலட்சுமியிடம் போய், குழந்தை முதல் தடவை கக்கியது எப்போது என்று கேட்டேன்.

"புதங்கிழமை மத்தியானம். ஐந்தருவியில குளிச்சிட்டு வந்து, நான் பலாச்சுளை தின்னுட்டுப் பால் குடுத்தேன். அப்பமே கக்குனான்."

கண்ணாடி உடைந்தது வியாழக்கிழமை ஐந்து மணிக்கு. புதன்கிழமை மத்தியானம் குழாய் முழுசாக இருந்தது. குழந்தையின் வயிற்றுக்கும் மாடிக்கும் சம்பந்தமில்லை. அந்த வரியை அடித்தேன். ஆனால் பரமசிவன் வியாழக்கிழமை ஏழு மணிக்கு, கண்ணாடி உடைந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விழுந்திருக்கிறான். பீர் மைதீன்மேல் எனக்கிருந்த சந்தேகம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் தென்காசி போனேன். பையில் கடிதம், மை ஒற்றுப்பெட்டி, துடைக்க ஒரு பழைய துணி. டாக்டர் வீட்டு ஆஸ்பத்திரியில் பரமசிவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது தோளுக்குக் கட்டு.

"என்னலே, எப்படி இருக்கே?"

"இருக்கேன் அண்ணாச்சி. கேஸ் அடிச்சிட்டுன்னு வாராக, பாக்காக, போறாக. பஞ்சாயத்து மெம்பர்கூட வந்துட்டுப் போனாரு."

கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, மைப்பெட்டியைத் திறந்தேன். ஆண்களுக்கு இடது கைப் பெருவிரல்தான் வைக்க வேண்டும். "எடது கையை நீட்டு" என்றேன். நீட்டினான். உள்ளங்கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது, பெருவிரல் உட்பட.

"இது என்னலே?"

"வெந்திருக்கு. நம்ம லாட்ஜுல வெந்நி அண்டா தூக்குதவம்லா, அதுலதான் பட்டிருக்கும்னு அவ சொல்லிட்டா. மருந்து போட்டிருக்காக."

"நீ என்ன சொல்லுதே?"

அவன் சற்று யோசித்தான். "அண்டா சுட்டா எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நான் வெந்நி அடுப்புப் பக்கமே போகல அன்னைக்கு."

பக்கத்தில் மருந்து கட்டுகிறவர் இருந்தார். பார்க்கலாமா என்று கேட்டதும், மாற்றுகிற நேரம்தான் என்று பிரித்துக் காட்டினார். உள்ளங்கைக்குக் குறுக்கே, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து பெருவிரல்வரை ஒரே கோடு. கம்பி கனத்துக்குக் கரிந்திருந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கையில் கொடுத்து மடக்கச் சொன்னதுபோல.

"கேஸ் வாடை ஏதும் அடிச்சுதா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது வீண் கேள்வி என்று தெரிந்தது.

"எனக்கு நாலு நாளா ஜலதோசம். வாடையே தெரியாது. ராயகிரிக்காரம்மா வீட்டுக்காரரு வேட்டியப் போடுததுக்குக் கொடியப் பிடிச்சேன். பிடிச்ச கை விடல. ஒடம்பு பூராவும் கிறுகிறுன்னு வந்துச்சு. பெறவு ஒண்ணும் தெரியல."

"எந்தக் கொடி?"

"புதுசு."

"புதுசுன்னா?"

"நீங்க கட்டச் சொன்ன கம்பிதான் அண்ணாச்சி."

மைப்பெட்டியை மூடினேன். அவன் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில், பழைய குற்றாலம் விலக்கு தாண்டும்வரை, வேறு ஒருவனை விசாரிப்பதுபோல என்னை நானே விசாரித்துக்கொண்டு வந்தேன்.

வைகாசியில் பலகை மாட்டி முடித்த அன்றைக்கு, இரும்புச் சட்டத்திலிருந்து சுவரோரமாக ஒரு வெறும் செம்புக் கம்பி இறங்கி, பின்கட்டில் மண்ணுக்குள் போனதைப் பார்த்தேன். அந்தக் குழியில் பீர் மைதீன் கரியும் உப்பும் கொட்டி மூடினதையும் பார்த்தேன். "இதுல கரண்ட் போகுதா பாய்? பிள்ளையள் தொட்டா?" என்று கேட்டேன். "இதுல கரண்ட் வராது அண்ணாச்சி. யாரும் தொடலாம். சும்மா இருக்கும்" என்றார். ஆனி பிறந்து கூட்டம் ஏறியதும், ஈரத்துணி போடக் கொடி போதவில்லை. சணல் கயிறு சாரலில் இற்றுப்போகிறது. சீசன் வேலைகளை வரிசையாக எழுதி வைத்திருந்த என் நோட்டில், பதினொன்றாவதாக, 'மாடியில் சும்மா இருக்கும் செம்புக் கம்பியைக் கொடிக்கு எடுத்துக்கொள்ளவும், பரமசிவன்' என்று இருக்கிறது. என் கையெழுத்து. சுவரில் இருந்த பகுதியை வெட்டி, ஒரு நுனி சட்டத்தில் இருந்தபடியே, மறு நுனியைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டியிருக்கிறான். மேலே தகரக் கூரை. நானே போய்ப் பார்த்து, நன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறாய் என்று சொன்னேன்.

ஆனாலும் அதில்தான் மின்சாரம் வந்தது என்று எப்படிச் சொல்வது? பீர் மைதீனே வராது என்று சொன்னார் அல்லவா? அவர்மேல் மறுபடி சந்தேகம் வந்தது. சந்தேகப்பட எனக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

மத்தியானம் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். முதலாளியையும் மாடிக்கு வரச் சொன்னேன். பீர் மைதீன் ஏறி வந்து முதலில் உடைந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு சட்டத்தை, பிறகு சுவரை. சுவரில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. பின்கட்டில் மண்ணுக்கு மேலே ஒரு சாண் கம்பி நின்றது. கொடியை அவர் தொடவில்லை. எங்களை மூன்றடி பின்னால் போகச் சொன்னார்.

"சும்மா கம்பின்னு சொன்னீரே" என்றேன்.

பீர் மைதீன், முந்தின நாள் காட்டிய அந்தச் சிவப்புக் குழாயை ஒரு காய்ந்த மூங்கில் கழியின் நுனியில் கட்டினார். தரையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். "கீழ யாரையாவது சுவிட்சப் போடச் சொல்லுங்க. நான் அணைக்கச் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் அசையப்படாது."

சுவிட்சைப் போட்டதும் உடைந்த 'லா' பக்கம் சீறுகிற சத்தம் கேட்டது. பீர் மைதீன் கழியை நீட்டி, குழாயைக் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொடவில்லை, நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. எந்த ஒயரும் மாட்டாத அந்தக் குழாய், தகரக் கூரையின் நிழலில், அணையப்போகிற கங்கு மாதிரி சிவந்தது. தள்ளிக் கொண்டுபோனால் மங்கியது. திரும்பக் கொண்டுவந்தால் சிவந்தது. கொடி நெடுக, தொட்டித் தூண்வரைக்கும்.

"அணைங்க" என்றார்.

முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. "கம்பியெல்லாம் கேஸ் ஏறிக் கெடக்கா?"

"கேஸ் இல்ல மொதலாளி. கரண்ட். இந்தப் பெட்டிக்குள்ள இருக்க டிரான்ஸ்பார்மர் நம்ம வீட்டுக் கரண்டைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு ஏத்துது. குழாய் முழுசா இருந்தா அது வழியே போயிரும். குழாய் உடைஞ்சா, மழை ஈரத்துல சட்டத்துக்குத் தாவும். அப்படித் தாவுனா மண்ணுக்குள்ள கொண்டு போயி விடுததுக்குத்தான் அந்தக் கம்பி. எல்லாம் சரியா இருக்க வரைக்கும் அதுல ஒண்ணும் வராது, சும்மாதான் இருக்கும். இப்ப மண்ணுக்குப் போக வழியில்ல. கொடியில வந்து நின்னுருக்கு. ஈரக்கையோட பிடிச்சான், அவன் வழியா எறங்கிட்டு. உசிரு இருக்கது அவன் அதிர்ஷ்டம்." கழியைக் கீழே வைத்தார். "கம்பிய யாரு வெட்டுனா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பீர் மைதீனும் பார்த்தார்.

"வெட்டினது பரமசிவன். வெட்டச் சொன்னது நான்" என்றேன்.

பிறகு முதலாளி என் முழங்கையைப் பிடித்துத் தொட்டிக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனார்.

"பால்வண்ணம், இது நம்ம மூணு பேருக்குத்தான தெரியும். கொடிய இப்பமே அவுத்திருவோம். பின்கட்டுல இருக்க துண்டையும் தோண்டி எடுத்திருவோம். கம்பியே போடாம பாய் வேலைய முடிச்சிட்டான்னு எழுதிரும். கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம், அது பேஜாரு. கம்பி போடலன்னா அதுவும் குத்தம்தான?"

"போட்டாருல்லா மொதலாளி."

"போட்டதுக்குச் சாட்சி யாரு? நீருதான். உம்ம வாயால உம்மையே கட்டிக் குடுக்கப் போறீரா? பரமசிவன் பொண்டாட்டி நாளைக்கு வாசல்ல வந்து நின்னா என்ன சொல்லுவீரு? உமக்கும் சேத்துத்தான் வே சொல்லுதேன்."

அவர் சொன்னதில் என்மேல் அக்கறையும் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். நான் யோசிக்காமலும் இல்லை. அந்த ஒரு வரியை எழுதினால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். எழுதினால் பீர் மைதீன் ஊரில் எவன் வீட்டு வாசலிலும் ஏற முடியாது. தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர் சட்டத்தருகே குந்தி உட்கார்ந்து, உடைந்த நீலக் கண்ணாடிச் சில்லுகளை ஈரத்தாளால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பழைய லெட்டரக் கிழிச்சிருதேன். புதுசு நானே எழுதி, நானே கையெழுத்துப் போடுதேன்" என்றேன்.

"லாட்ஜ் பேரு போட்ட தாள்ல எழுதக்கூடாது" என்றார் முதலாளி. "நாளையில இருந்து ஆபீஸ் சாவி என்கிட்ட இருக்கட்டும்." கீழே இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். பீர் மைதீன் எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவரை நான் வரச் சொல்லவில்லை. இந்தத் தடவை நாற்காலி போட்டேன். உட்காராமல் நின்றபடியே, "வாசிங்க" என்றார்.

வாசித்தேன். தேதி, நேரம், உடைந்த எழுத்து, சட்டம், கொடி, பரமசிவன் கையில் இருந்த காயம், கழியில் கட்டிய குழாய் சிவந்தது. நீலக் குழாயில் பாதரசம் இருப்பதும், அதைக் கையாளும் முறையை அவரே சொன்னதும். குழாயில் இருக்கும் வாயு எதனோடும் சேராதது, இந்த விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி. மந்தம் என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை. மண்ணுக்குப் போகும் கம்பியைக் கொடிக்கு எடுக்கச் சொன்னது அடியில் கையொப்பமிட்டிருக்கும் நான். பரமசிவன் சொன்னதைச் செய்தானே தவிர அவன்மேல் குற்றமில்லை.

அதற்கடுத்த வரியையும் வாசித்தேன்: 'மேற்படி கம்பியைப் பற்றி நான் கேட்டபோது, மேற்படி பீர் மைதீன் அது சும்மா இருக்கும் என்று சொன்னாரே தவிர, எதற்காக இருக்கிறது என்று சொல்லவில்லை.'

"அத எடுத்திருங்க" என்றார்.

"சொன்னீங்கல்லா பாய்."

"சொன்னேன். கரண்ட் வராதுங்கிறதத்தான் அப்படிச் சொன்னேன். ஒங்களுக்கு வேற மாதிரி விளங்கும்னு எனக்கு என்ன தெரியும்? இன்ஸ்பெக்டர் இந்த ஒரு வரியப் பிடிச்சிட்டாருன்னா?"

"பிடிக்கலாம்."

"அப்போ எல்லாத்தையும் ஒம்ம தலையில போட்டுக்கிட்ட மாதிரி எழுதிட்டு, கடைசியில என்னையும் சேத்து இழுக்கீரு. நேத்துத் தொட்டிக்குப் பின்னால மொதலாளி என்ன சொன்னாரு? இதுதானா?"

"அவரு சொன்னது வேற. அவரு சொன்னத நான் எழுதல. நீங்க சொன்னத எழுதியிருக்கேன். தியேட்டர்ல போர்டு மாட்டுவீங்க. அங்கயும் ஒரு ரைட்டர் இருப்பான். இந்தக் கம்பி எதுக்குன்னு அவனும் கேப்பான்."

பீர் மைதீன் வாசலுக்குப் போய் நின்றார். தெருவில் அருவிக்குப் போகிறவர்கள் தலையில் எண்ணெயோடு போய்க்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் இருந்த லைசென்ஸ் புத்தகத்தை வெளியே எடுக்காமல் மேலோடு தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"காவலுக்கு இருக்குன்னு சொல்லியிருக்கணும்" என்றார். "இருக்கட்டும். எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். தாளை மடித்து உறையில் போட்டதும், "ஒரு நிமிசம்" என்று உறையை வாங்கி, கையில் வைத்து எடை பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதுக்குள்ள வேற தாள் ஏதும் இல்லையே?"

வெளியே எடுத்து, இரண்டு தாளையும் விரித்து, முன்னும் பின்னும் காட்டினேன். திரும்ப மடித்துப் போட்டேன். பசை தடவினேன். ஒட்டும்வரை அவர் தன் பெருவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேருமாகத் தபாலாபீஸ் போனோம். ரிஜிஸ்தர் செய்யக் கொடுத்தேன். போஸ்ட்மாஸ்டர் முகவரியை வாசித்துவிட்டு, "அந்த கேஸ் லெட்டரா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். முத்திரை குத்தி, பைக்குள் போட்டு, கயிறு கட்டி, பதினோரு மணித் தென்காசி பஸ்ஸுக்குக் கொடுத்தனுப்பினார்.